பின்னால் நடந்து நட்ட கத்திரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. இரும்பு கேட்டுக்கு அளவு தப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு நான்தான் தப்பாக எழுதிக்கொண்டேன் என்று சாதிக்கும் ஆட்களிடம் கோபப்படாமல் என்ன செய்வது? ஆனால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, கோபப்பட்டதற்காக நானே என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல வெட்கப்பட்டேன். அது ஒரு கத்திரி வயலில், ஆடி மாதத்தில் நடந்தது. அந்த வயல்காரம்மாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் வாயால் சொல்லித் தீராது என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது வெல்டிங் பட்டறை. கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகள் கட்டிக்கொண்டே போகிற பக்கம். ஜன்னல் கிரில், கேட், லாட்ஜ்களுக்கு மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வண்டி உதிரிபாகங்களுக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மில்லிமீட்டர் தப்பினால் ஆளைக் கொன்றுவிடுவார்கள். இங்கே வந்த பிறகு கேட்டில் மயில் வைக்கலாமா, தாமரை வைக்கலாமா என்பதுதான் பெரிய பிரச்சினை. படித்ததெல்லாம் துருப்பிடிக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது.

காலையில் எங்கள் தெருவுக்குக் காய் கொண்டுவருகிற அக்கா ஒருவர் உண்டு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை எல்லாம் தாண்டிப் போனால் உள்ளே முப்பது சென்ட் நிலம். புருஷன் இறந்த பிறகு தனியாளாக அதில் கத்திரி, வெண்டை, கீரை என்று மாற்றி மாற்றிப் போட்டு விற்கிறவர். அவர் கத்திரிக்காயைச் சாப்பிட்டுப் பழகினால் கடைக் கத்திரிக்காய் வாயில் இறங்காது. திடீரென்று ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது புடவைக்கு மேல் இடுப்பில் ஒரு பெல்ட்.

"டிஸ்க்கு நகந்துட்சாம்மா. குனியக் கூடாது, கொடம் தூக்கக் கூடாதுன்றாரு டாக்டரு. குனியாம இன்னா விவசாயம்மா பண்றது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அவருக்கு ஒரே மகன். சென்னைப் பக்கம் கம்பெனி வேலை. மாதாமாதம் பௌர்ணமிக்கு வந்து கிரிவலம் சுற்றிவிட்டு, காலையில் அம்மா வீட்டில் இட்லி தின்றுவிட்டு பஸ் ஏறுகிறவன். அவன் அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். சுற்றிலும் கலர் அடித்த கல் நட்டாகிவிட்டது, நடுவில் இவருடைய முப்பது சென்ட்தான் பச்சையாக இருக்கிறது. கெட்ட பையன் இல்லை. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் சொல்கிறான்.

அக்கா அவனிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். ஆடிப் பட்டத்துக் கத்திரியைத் தன் கையால் நட்டுவிட்டால் நிலத்தைப் பற்றி அவன் பேசக் கூடாது. நட முடியவில்லை என்றால், ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள் அவன் காட்டுகிற இடத்தில் கையெழுத்து.

"ஆள் வெச்சு நட்டுடலாமே அக்கா?" என்றேன்.

"நாலு பேரக் கெஞ்சிக் கூட்டினு வந்து நடறதுக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லைன்னு அவனே கேக்கறான். களைக்கு நீட்டுக் கழி போட்ட கொத்து வாங்கிட்டேன். காய நின்னுகினே பறிச்சுக்குவேன். இந்த நடறது ஒண்ணுதான். மண்ணோட மண்ணா குனிஞ்சாவணும்."

இதைக் கேட்டதும் என் துருப்பிடித்த படிப்பு எழுந்து உட்கார்ந்துகொண்டது. "நான் செஞ்சு தரேன்கா ஒரு மிஷின்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் 'ஆரம்பிச்சுட்டா' என்று எழுதியிருந்தது.

முதலில் செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற நாற்று நடும் யந்திரங்களைப் போனில் பார்த்துப் பார்த்து, அதையே சின்னதாக்கி, இரண்டு சக்கரம், சுற்றுகிற கிண்ணங்கள், செயின் எல்லாம் வைத்து இரும்பில் ஒன்று செய்தேன். டிராயிங் அற்புதமாக இருந்தது. குட்டி யானை வண்டியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்மா, இது இன்னா, ஐஸ் வண்டியா?"

தண்ணீர் பாய்ச்சிய சாலில் இறக்கியதும் சக்கரம் பாதி புதைந்தது. அதை வெளியே இழுத்ததில் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. "இந்த இரும்புல ரெண்டு கேட்டு செஞ்சிருக்கலாம்" என்று வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அன்றைக்கு இராத்திரி சமைக்கவில்லை.

இரண்டாவதை ஒழுங்காக யோசித்தேன். அக்கா தூக்க வேண்டும், அக்கா வாங்க முடிய வேண்டும், கெட்டுப்போனால் சைக்கிள் கடைக்காரரே சரிசெய்ய வேண்டும். அதனால் பிளம்பிங் பிளாஸ்டிக் குழாய், இடுப்பு உயரத்துக்கு. மேலே சைக்கிள் பிரேக் கட்டையும் ஒயரும். குழாயின் அடியில் கூம்பாகத் தகரம், கொக்கின் அலகு மாதிரி. அலகில் ஒரு பாதி குழாயோடு அசையாமல் நிற்கும், மறுபாதி கதவு. நின்றபடியே அலகை மண்ணில் குத்தி, நாற்றை மேலே குழாயில் போட்டால் வேர் கீழாக இறங்கி நிற்கும். பிரேக்கை அழுத்தினால் கதவு திறக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தால், திறந்த கதவு வழியாக நாற்று வெளியே வந்து மண்ணிலேயே நின்றுவிடும். குனியவே வேண்டாம். எடை ஒரு சொம்புத் தண்ணீரைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் வீட்டுக்காரரை நடக்க விட்டுச் சோதித்தேன். விறுவிறுவென்று முன்னால் நடந்து ஒரு வரிசை நட்டார். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே பத்துப் பேருக்குச் செய்து விற்பதாகவும் கனவு கண்டேன்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது வயலுக்குக் கொண்டுபோனோம். அக்கா நாற்றங்காலில் நாற்று முப்பது நாளைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் முற்றிப்போகும், பிறகு நட்டும் பிரயோசனம் இல்லை. சாலில் தண்ணீர் விட்டு மண்ணைப் பதமாக்கி வைத்திருந்தார். வெயில் இறங்கியதும், பழைய புடவையை இடுப்பு பெல்ட்டுக்கு மேல் மடியாகக் கட்டி நாற்றை அதில் போட்டுக்கொண்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழாயைக் கையில் வாங்கினார்.

குத்தினார். நாற்றைப் போட்டார். பிரேக்கை அழுத்தினார். தூக்கினார். பின்னால் ஒரு அடி வைத்தார்.

நாற்று குப்புற விழுந்தது.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும். வரிசையாக, அடி வாங்கினது மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன.

"அக்கா, முன்னாடி நடங்க. பின்னாடி போகாதீங்க."

"சரிம்மா."

மூன்று அடி முன்னால் போவார். நாற்று நிற்கும். நாலாவது அடியில் கால் தானாகப் பின்னால் போகும். நாற்று விழும். "அய்யோ, மறந்துட்டேன்" என்பார். மறுபடியும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

காரணம் தெரியாமல் இல்லை. நெல் நடுகிறவர்கள் எல்லாம் பின்னால் நகர்ந்துதான் நடுவார்கள். சின்ன வயதிலிருந்து நடவுக்குப் போய் அப்படியே பழகிய கால் அக்காவுக்கு. "அவங்க காலுக்கு ரிவர்ஸ் கியர்தான் தெரியும்" என்று வீட்டுக்காரர் வரப்பிலிருந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாத உழைப்பு கண்ணெதிரே குப்புறப் படுத்துக்கொண்டிருக்கிறது, இவருக்குக் கிண்டல்.

"இங்க கொடுங்க" என்று வாங்கி, நானே நட்டுக் காட்டினேன். குழாயைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு முன்னால் பத்து அடி. பத்தும் நின்றன. "பாத்தீங்களா?"

"நிக்குதும்மா. ஆனா மண்ண அமுக்கலயே. காத்து அடிச்சா ஆடும், வேர் புடிக்காது."

சரி என்று இரண்டாவது வரிசையில் ஒவ்வொன்றையும் நட்டு, தாண்டி, குதிகாலால் பின்னுக்கு ஒரு அமுக்கு அமுக்கிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் நான்கு நாற்று என் குதிகாலுக்கு அடியில் போய் நசுங்கியிருந்தது.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "உன் குதிகால்ல கண்ணு இருக்குதாம்மா?"

அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "கத்துக்கவே மாட்டேன்னு இருந்தா நான் இன்னா பண்றது? ஒரு அடி முன்னாடி வைக்கத் தெரியல. இப்படியே இருந்தா நிலத்த வித்துட்டுப் போக வேண்டியதுதான்!"

சொன்ன வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது, என்ன சொல்லிவிட்டேன் என்று. வீட்டுக்காரர் வரப்பில் எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் முகம் ஒரு நொடி அப்படியே வாடியது. பாவி, நான் அந்தம்மாவின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டேன்.

அவர் வேப்பமரத்தடியில் வைத்திருந்த தூக்குவாளியை எடுத்து நீட்டினார்.

"பசியில கத்தற. அம்மன் கோயில் கூழு. குடி. குடிச்சுட்டு அப்புறம் கத்து."

மறுக்கத் தைரியம் இல்லை. வரப்பில் உட்கார்ந்து குடித்தேன். மோரும் சின்ன வெங்காயமும் போட்ட கூழ். அக்கா குழாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் சாலில் இறங்கினார். என்னைத் தண்டிப்பதற்காக இல்லை, வெளிச்சம் இருக்கிறதே என்று. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு அவர் காலைப் பார்த்தேன்.

குத்து, போடு, அழுத்து, தூக்கு, பின்னால் ஒரு அடி. பின்னால் போனதும் நட்ட இடம் அவருக்கு நேர் முன்னால் வந்துவிடுகிறது. வலது கால் கட்டைவிரல் தானாக நீண்டு, நாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அமுக்கு, அந்தப் பக்கம் ஒரு அமுக்கு. ஒரு விரல்கடை தப்பவில்லை. விழுந்து கிடக்கிற நாற்றைக்கூடக் கால்விரலாலேயே நிமிர்த்தப் பார்த்தார். கண்ணும் விரலும் ஒரே இடத்தில். முன்னால் நடந்தால் இது முடியவே முடியாது. நட்டது முதுகுக்குப் பின்னால் போய்விடும். நான் பழக்கதோஷம் என்று நினைத்தது பழக்கதோஷமே இல்லை. அந்தம்மா சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தார். தப்பான பக்கம் கதவு வைத்தவள் நான்.

அவ்வளவுதான் விஷயம். ஆள் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் கதவு இருக்க வேண்டும். நான் முன்னால் நடக்கிற ஆளுக்காக, கதவு ஆளைப் பார்த்துத் திறக்கும்படி வைத்திருந்தேன். அக்கா பின்னால் நகர்ந்தபோது, அசையாத பாதித் தகரம் வந்து நாற்றை அடித்துச் சாய்த்தது. நாற்று விழுந்ததற்கு அக்கா காரணமில்லை. ஒவ்வொன்றையும் என் டிராயிங்தான் அடித்திருக்கிறது.

கூழ்த் தூக்கை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். "அக்கா, கொடுங்க, கொடுங்க!" மறுபடியும் திட்டப் போகிறேன் என்று நினைத்து அவர் சட்டென்று கொடுத்துவிட்டார். வண்டியிலிருந்து வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்து வந்தார். இரண்டு போல்ட். அலகை அரைச் சுற்றுத் திருப்பினேன். பிரேக் ஒயர் எட்டவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடையில் நீள ஒயர் ஒன்று வாங்கி வந்தார். அவர் பேசாததற்காகவும் நான் நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு கிண்டல் செய்திருந்தால் அழுதிருப்பேன்.

"இப்ப உங்க இஷ்டத்துக்கு நடங்கக்கா."

பின்னால் ஒரு அடி. நாற்று நின்றது. கட்டைவிரல் அமுக்கியது. இன்னொரு அடி. நின்றது. வரிசை முடிகிற வரைக்கும் அவர் நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே, மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் வரப்பில் குதிகால் இடித்ததும் நின்றார். நட்ட வரிசை முழுவதும் அவர் முன்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றேன்.

"நீ இன்னா சொன்ன? எனக்குக் காது கேக்கல. நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு, நாத்துப் பிடுங்க ஆள் வேணும்."

மூன்று சாயங்காலம் நான் நாற்றுப் பிடுங்கிக் கொடுத்தேன், அவர் நட்டார். பௌர்ணமி அன்றைக்கு ஊருக்குள் வண்டி போக முடியாது, கிரிவலக் கூட்டம். நாங்கள் பின்பக்கத்து மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனோம். இருட்டுவதற்குள் ஒரே ஒரு வரிசை மிச்சம் நின்றது. "இருக்கட்டும், காலைல வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடலாம்" என்றார் அக்கா.

காலையில் நாங்கள் போனபோது மகன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். மலை சுற்றி வந்த பாதம் வீங்கியிருந்தது. மனைக்காரரைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான் என்று அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தார். அவன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருமா நட்டது?"

"நான்தான்டா."

"குனிஞ்சா?"

அக்கா கடைசி வரிசையில் இறங்கி நாலு நாற்று நட்டுக் காட்டினார். அவன் எழுந்து வந்தான். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, "கொடு, நான் பாக்கறேன்" என்று குழாயை வாங்கினான். படித்த பையன், சொல்ல வேண்டுமா? விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

எட்டு நாற்று, எட்டும் குப்புற.

"டேய், பின்னாடி போடா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அடக்கிக்கொண்டேன்.

விழுந்த நாற்றைப் பார்த்ததும் அக்காவின் உடம்பு பழைய ஞாபகத்தில் தானாக வளைந்தது. கை முழங்காலுக்குப் போய்விட்டது.

"நீ குனியாதம்மா" என்றான் மகன்.

அவன்தான் குனிந்தான். சேற்றில் குந்தி உட்கார்ந்து, எட்டு நாற்றையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்துவிட்டான். நடுவில் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. சேற்றுக் கையோடு எடுக்க முடியாமல் அதை அடிக்கவிட்டான். மறுபடியும் அடித்தது. "யாருடா?" என்றார் அக்கா. "வேலையா இருக்கேன், அப்புறம் பேசிக்கலாம்" என்று போனுக்குச் சொல்வதைப் போல அம்மாவுக்குச் சொன்னான். பத்து மணிக்கு யாரும் வரவில்லை.

அதன் பிறகு இந்த ஊர்ப் பக்கத்துக் காய்கறிக்காரர்கள் நிறையப் பேருக்கு அந்தக் குழாயைச் செய்து கொடுத்திருக்கிறேன். தக்காளிக்கு ஒரு அளவு, மிளகாய்க்கு ஒரு அளவு. கேட், கிரில் வேலைக்கு நடுவில் இப்போது இதுவும் எங்கள் தொழில். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் அளக்கிற டேப்பை எடுப்பதில்லை. "எப்படி நடப்பீங்க, ரெண்டு அடி நடந்து காட்டுங்க" என்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அரை மில்லிமீட்டர் கணக்கெல்லாம் கம்பெனி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இந்த ஒன்றை அக்காவின் கால் கட்டைவிரல் சொல்லிக்கொடுத்தது. கோபம் இன்னும் வருகிறது. வந்தால் கூழ் ஞாபகம் வருகிறது, பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

அந்தப் பட்டத்தின் முதல் காய் பறித்த அன்றைக்கு அக்கா கூடையோடு எங்கள் வாசலுக்குத்தான் முதலில் வந்தார். பெல்ட் இடுப்பிலேயே இருந்தது. கூடையின் ஓரத்தில் ஒரு துணியில் தனியாக எட்டுக் காய் முடிந்து வைத்திருந்தார்.

"இது மட்டும் உனக்கு. விக்கறதுக்கு இல்ல."

"ஏன்கா, இதுல இன்னா விசேஷம்?"

"இது என் புள்ள நட்டது" என்றார்.

பார்க்க மற்றக் காயைப் போலத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன்.